கம்பி யார் கையில்?

நாவலூரில் பழைய மகாபலிபுரம் சாலையோரம் ஒரு தேநீர்க்கடை. காலை ஏழு மணிக்கு இரவுப் பணி முடித்த ஐ.டி. இளைஞர்களும், வேலைக்குக் கிளம்பும் கொத்தனார்களும், நடைப்பயிற்சி முடித்த அடுக்குமாடிப் பெரியவர்களும் அங்கே ஒன்றாக நிற்பார்கள். சுவரில் மாட்டிய டி.வி.யில் செய்தி ஓடும். பெரியவர் ஒருவர் கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே சொல்வார்: "தம்பி, இவன் சொல்றதைக் கேட்டாச்சு. அந்தப் பக்கம் என்ன சொல்றான்னு மாத்திப் பாருப்பா." கடைக்காரர் ரிமோட்டை அழுத்துவார். அதே ஊர், அதே மேடை, அதே பொதுக்கூட்டம். இங்கே அலைமோதிய கூட்டம், அங்கே காலி நாற்காலிகளாக மாறியிருக்கும்.

"அந்தப் பக்கம்" என்ற சொல்லுக்குள் தமிழ்நாட்டின் முப்பது ஆண்டுத் தொலைக்காட்சி வரலாறே அடங்கியிருக்கிறது. கலைஞர் செய்திகள் யாருடையது, நியூஸ் ஜெ யாருக்காகப் பேசுகிறது, ஜெயா பிளஸ் இப்போது எந்தக் குடும்பத்தின் கையில் இருக்கிறது என்பதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும். செய்திக்குப் பக்கம் உண்டு என்பதை மக்கள் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இரண்டு பக்கத்தையும் பார்த்து, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் கழித்துவிட்டால் மிஞ்சுவது உண்மை என்ற கணக்கும் அவர்களிடம் இருக்கிறது. கெட்டிக்காரத்தனமான கணக்குதான். ஆனால் இரண்டு பக்கமும் சேர்ந்து சொல்லாமல் விட்ட செய்தி எந்தக் கழித்தலிலும் மிஞ்சாது.

சார்பு என்பது தமிழ்ப் பத்திரிகைக்குப் பிறவிக் குணம். 1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் 'சுதேசமித்திரன்' தொடங்கியது நடுநிலை வகிக்க அல்ல, தேசிய இயக்கத்துக்காக. 1935இல் 'விடுதலை', 1937இல் கம்யூனிஸ்டுகளின் 'ஜனசக்தி', 1942இல் அண்ணாவின் 'திராவிட நாடு', அதே ஆண்டில் துண்டறிக்கையாகப் பிறந்த கருணாநிதியின் 'முரசொலி', 1963இல் 'தீக்கதிர்' என்று பட்டியல் நீளும். படிப்பகங்களிலும் முடிதிருத்தும் கடைகளிலும் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டார்கள். தமிழ்நாட்டின் அரசியல் அறிவு வளர்ந்ததே அப்படித்தான். அந்தப் பத்திரிகைகள் தங்களை மறைத்துக்கொள்ளவில்லை. இன்ன கட்சி, இன்ன கொள்கை என்பது முகப்பிலேயே இருந்தது. காசு கொடுத்து வாங்கியவருக்குத் தான் என்ன வாங்குகிறோம் என்பது தெரியும்.

தொலைக்காட்சி வந்ததும் கதை மாறியது. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று, தி.மு.க. தலைவர் கருணாநிதியின் உறவினரான முரசொலி மாறனின் மகன் கலாநிதி மாறன் சன் டி.வி.யைத் தொடங்கினார். அதுவரை வீட்டுக்குள் வந்த ஒரே தமிழ்த் தொலைக்காட்சிச் செய்தி தூர்தர்ஷன் செய்தி, அதாவது டெல்லி அரசின் செய்தி. தனியார் சேனல் வந்தபோது ஒரு ஜன்னல் திறந்தது போல இருந்தது உண்மை. இரண்டே ஆண்டில், 1995 பிப்ரவரியில், கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை பற்றிய வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய வார்த்தை சொன்னது. காற்றில் போகும் அலைவரிசை பொதுச்சொத்து. அதை அரசு தன் ஏகபோகமாக வைத்துக்கொள்ளக் கூடாது, சுதந்திரமான பொது அமைப்பு ஒன்று அதை நெறிப்படுத்த வேண்டும் என்றது. ஏகபோகம் போனது. சுதந்திரமான பொது அமைப்பு மட்டும் வரவே இல்லை. அந்தக் காலி இடத்தில் அரசியல் குடும்பங்களும் பெருமுதலாளிகளும் வந்து அமர்ந்தார்கள். 1999இல் அ.தி.மு.க. பக்கத்திலிருந்து ஜெயா டி.வி. வந்தது.

இரண்டு சேனலும் எதற்காகப் பிறந்தன என்பதை நாடே பார்த்த இரவு 2001 ஜூன் 30. மேம்பாலக் கட்டுமான ஊழல் புகாரில் எழுபத்தேழு வயதுக் கருணாநிதியை நள்ளிரவு கடந்த நேரத்தில் போலீஸ் கைது செய்தது. அவரைப் பிடித்து இழுத்துச் செல்லும் காட்சியையும் அவருடைய அலறலையும் சன் டி.வி. நாள் முழுக்கத் திரும்பத் திரும்பக் காட்டியது. டெல்லி வரை அதிர்ந்தது. அடுத்து ஜெயா டி.வி. வேறு காட்சிகளைக் காட்டியது. அதில் தடுக்க வந்தவர்கள்தான் போலீஸாரோடு மல்லுக்கட்டினார்கள். ஒரே வீடு, ஒரே இரவு. எந்த ஒளிநாடா எந்த இடத்தில் வெட்டி ஒட்டப்பட்டது என்பதில்தான் நியாயம் யார் பக்கம் என்பது இருந்தது. சன் டி.வி. அன்று காட்டாதிருந்தால் ஒரு முதியவர் நடத்தப்பட்ட விதம் வெளியே வந்திருக்காது என்பதும் நிஜம். சார்புள்ள ஊடகத்தால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாத சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

காட்சியை வெட்டி ஒட்டுவதை உற்றுப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். கம்பியை வெட்டினால் கண்டுபிடிக்க எதுவும் இருக்காது.

நாவலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்ட் முடியும் வரை அவர்கள் ஊர் நடுவே சுங்கச்சாவடி இருந்தது. சாலை எல்லோருக்கும் பொது, ஆனால் தடுப்புக் கட்டையைத் தூக்குவது ஒருவர் கை. கேபிள் டி.வி.யும் அப்படித்தான். சேனல் யார் வேண்டுமானாலும் நடத்தலாம். வீட்டுக்குள் அனுப்புவது கம்பி வைத்திருப்பவர். சென்னையில் பல ஆண்டுகள் அந்தக் கம்பி சன் குழுமத்தைச் சேர்ந்த சுமங்கலி கேபிள் விஷன் கையில் இருந்தது. எஸ்.சி.வி. என்றால்தான் வீடுகளில் தெரியும். ஒரு கட்சியோடு நெருங்கிய குடும்பத்திடம் சேனலும் கம்பியும் ஒருசேர இருந்ததன் பலத்தை ஜெயலலிதா நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்த நிலையில், 2006 ஜனவரியில் கேபிள் நிறுவனங்களை அரசே எடுத்துக்கொள்ளும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார். ஆளுநர் பர்னாலா அதைக் குடியரசுத் தலைவரின் பார்வைக்கு அனுப்பினார். மே மாதம் ஆட்சி மாறியது, மசோதா நின்றுபோனது.

அடுத்த ஆண்டு நடந்ததைத் தமிழ்ப் பத்திரிகை உலகம் இன்னும் மறக்கவில்லை. கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்று ஒரு கருத்துக்கணிப்பை, அப்போது மாறன் சகோதரர்களிடம் இருந்த 'தினகரன்' வெளியிட்டது. ஸ்டாலினுக்கு 70 விழுக்காடு, மு.க. அழகிரிக்கு 2 விழுக்காடு. 2007 மே 9 அன்று மதுரையில் அந்தப் பத்திரிகை அலுவலகத்தை ஒரு கும்பல் தாக்கித் தீ வைத்தது. இரண்டு கணினிப் பொறியாளர்களும் ஒரு காவலாளியும் இறந்தார்கள். அவர்கள் அந்தக் கணிப்பை எடுத்தவர்களும் அல்ல, வெளியிட முடிவெடுத்தவர்களும் அல்ல. அன்று பணியில் இருந்தார்கள், அவ்வளவுதான். 2009இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. 2019 மார்ச்சில்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 9 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மூன்று உயிருக்கு நீதி கிடைக்கப் பன்னிரண்டு ஆண்டுகள்.

கருணாநிதி வீட்டுக்கும் மாறன் சகோதரர்களுக்கும் இடையே மூண்ட குடும்பச் சண்டையின் தடம் சேனல்களில் அப்படியே பதிந்தது. 2007 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் கலைஞர் டி.வி. தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு கேபிள் டி.வி. நிறுவனம் பதிவானது. மக்கள் பணத்தில், மக்களுக்காக என்றார்கள். 2008 டிசம்பரில் குடும்பம் ஒன்று சேர்ந்தது. அரசு கேபிள் வேகம் இழந்து படுத்துவிட்டது. 2011இல் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா அதைத் தட்டி எழுப்பினார். மாதம் 70 ரூபாய். தாம்பரம், முடிச்சூர், மேடவாக்கம் என்று எத்தனையோ குடும்பங்களுக்கு அது உண்மையான நிம்மதி. அந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் தொடக்கத்தில் சன் குழுமச் சேனல்கள் அதில் வரவில்லை. தடுப்புக் கட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது, கட்டை அப்படியே இருந்தது.

அரசின் கையில் கம்பி இருந்தால் என்ன ஆகும் என்பது 2018 ஜூனில் தெரிந்தது. கோவையில் புதிய தலைமுறை நடத்திய விவாத மேடையில் இயக்குநர் அமீர் பேசிய பேச்சு சலசலப்பைக் கிளப்ப, அமீர் மீது மட்டுமல்லாமல் நிகழ்ச்சியை நடத்திய சேனல் மீதும் போலீஸ் வழக்குப் போட்டது. அதே சமயத்தில், அரசு கேபிளில் நூற்றுச் சொச்சம் எண்ணில் இருந்த அந்தச் சேனல் 499ஆம் எண்ணுக்குத் தள்ளப்பட்டது. தடை என்று யாரும் உத்தரவு போடவில்லை. வீட்டில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். தினமும் இரவு எட்டு மணிக்கு அதே எண்ணை அழுத்தும் தாத்தா இன்றும் அழுத்துகிறார். வேறு ஏதோ ஓடுகிறது. இரண்டு முறை ஆன், ஆஃப் செய்கிறார். செட்டாப் பாக்ஸின் தலையில் ஒரு தட்டு தட்டுகிறார். பேரனைக் கூப்பிடுகிறார். மாதக் காசு வாங்க வரும் கேபிள்காரத் தம்பியைக் கேட்டால், "எங்க கையில இல்ல சார், மேலேயே மாத்திட்டாங்க" என்கிறார். நான்காம் நாள் தாத்தா வேறு சேனலுக்குப் பழகிவிடுகிறார்.

அந்தப் புதிய தலைமுறையின் கதையே தனியாகப் பார்க்க வேண்டியது. தாம்பரத்தைத் தாண்டிக் காட்டாங்குளத்தூரில் இருக்கும் எஸ்.ஆர்.எம். கல்விக் குழுமத்தின் குடும்பம் 2011 ஆகஸ்ட்டில் தொடங்கிய சேனல் அது. கட்சி வண்ணம் இல்லாத இருபத்து நான்கு மணி நேரச் செய்தி என்று வந்தபோது மக்கள் தாகத்தோடு வரவேற்றார்கள்; நல்ல செய்தியாளர்கள் பலர் அங்கே உருவானார்கள். ஆனால் குழுமத்தின் நிறுவனர் பாரிவேந்தர் அதற்கு முந்தைய ஆண்டே இந்திய ஜனநாயகக் கட்சியைத் தொடங்கியிருந்தார். பெரம்பலூர் தொகுதியில் 2014இல் பா.ஜ.க. கூட்டணியில் நின்றார்; 2019இல் உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்றார்; 2024இல் மறுபடியும் பா.ஜ.க. கூட்டணி. செய்தியாளர் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், உரிமையாளருக்குக் கல்லூரியும் கட்சியும் தொகுதியும் இருக்கும்போது எந்தக் கதவைத் தட்டினால் செய்தி அசையும் என்று ஆட்சியில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

மற்றவையும் வேறுபட்டவை அல்ல. மக்கள் டி.வி.க்குப் பா.ம.க., கேப்டன் டி.வி.க்குத் தே.மு.தி.க. ஜெயலலிதா மறைந்து கட்சி உடைந்தபோது ஜெயா டி.வி. சசிகலா குடும்பத்தோடு போனது, அப்போது ஆளுங்கட்சியாக இருந்த அ.தி.மு.க. 2018இல் நியூஸ் ஜெ தொடங்கிய பிறகுதான் நிம்மதியாக மூச்சுவிட்டது. கட்சிச் சேனலையாவது பெயரை வைத்துப் புரிந்துகொள்ளலாம். தாதுமணல், கல்வி, தொலைத்தொடர்பு என்று தொழில் நடத்துபவர்கள் சேனல் நடத்தும்போது, பார்ப்பவருக்கு அடையாளம் எதுவும் இல்லை. உரிமம், சுற்றுச்சூழல் அனுமதி, வருமான வரி, கட்டட அங்கீகாரம் என்று அவர்களுக்கு அரசிடம் நூறு வேலைகள். அரசை நம்பிப் பிழைக்கும் தொழிலின் லாபத்தில் அரசைக் கேள்வி கேட்கும் சேனலை நடத்த வேண்டும்.

இந்த நெருக்கடி கடைசியில் வந்து இறங்குவது செய்தியாளர் தோளில். மாவட்டங்களிலும் புறநகரிலும் பலர் பகுதி நேர நிருபர்கள். அனுப்பிய செய்திக்குத்தான் காசு, சில இடங்களில் விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும். காலையில் எவரிடம் விளம்பரம் கேட்டாரோ, மாலையில் அவரைப் பற்றியே செய்தி எழுத முடியுமா? பத்திரிகையாளர் பணிப் பாதுகாப்புக்கென்று 1955இல் இயற்றப்பட்ட சட்டம் அச்சுப் பத்திரிகையை மனதில் வைத்து எழுதப்பட்டது. மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரையும் அச்சோடு நின்றது. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுபவருக்கு அந்தப் பாதுகாப்பு பல ஆண்டுகள் கிடைக்கவில்லை. மேலிருந்து போன் வரும்போது அவர் பேசாமல் இருந்துவிடுகிறார். போன் வராமலேயே, எது ஓடும், எது ஓடாது என்று டெஸ்க்கில் இருப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. பைட் வாங்குகிறார்கள், விஷுவல் எடுக்கிறார்கள், அது ஒளிபரப்பாவதில்லை. எழுதாத செய்திக்கு எந்த நீதிமன்றத்திலும் வழக்கு இல்லை.

பேசாமல் இருக்காதவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு, எந்த ஆட்சியும் அதில் விடுபடவில்லை. 1987இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில், எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் பற்றிய ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக 'ஆனந்த விகடன்' ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் 3 மாதச் சிறை விதித்தது. நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்து, சில நாட்களிலேயே விடுதலை. அவர் அதோடு விடாமல் வழக்காடி, 1994இல் உயர் நீதிமன்றத்தில் வென்று 1,000 ரூபாய் நஷ்டஈடு பெற்றார். 2003 நவம்பர் 7 அன்று ஜெயலலிதா ஆட்சியில் 'தி இந்து' பத்திரிகையின் ஆசிரியர் குழுவினருக்கும் 'முரசொலி' செல்வத்துக்கும் சட்டமன்றம் 15 நாள் சிறை விதித்தது. மூன்றே நாளில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2018 அக்டோபரில் ஆளுநர் மாளிகையின் புகாரில் 'நக்கீரன்' கோபால் கைதானபோது, எழும்பூர் நீதிமன்றம் காவலில் அனுப்ப மறுத்துவிட்டது. அன்று நீதிமன்றத்தில் எழுந்து பேசியவர் 'தி இந்து' என். ராம். 2024இல் தி.மு.க. ஆட்சியில் யூடியூபர் சவுக்கு சங்கர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. பெண் காவலர்களைப் பற்றி அவர் பேசிய பேச்சு சகிக்கத்தக்கதல்ல. அதற்குத் தண்டனைச் சட்டத்தில் பிரிவுகள் இருக்கின்றன. விசாரணையின்றி அடைத்துவைக்கும் சட்டத்தை எடுத்தது தவறு. ஆகஸ்ட் 9 அன்று உயர் நீதிமன்றம் அந்தக் காவலை ரத்து செய்தது.

2025 பிப்ரவரியில் மறுபடியும் விகடன். அமெரிக்க அதிபர் டிரம்ப் அருகே பிரதமர் மோடி விலங்கிட்டு அமர்ந்திருப்பதுபோல வரைந்த ஒரு கார்ட்டூனுக்காக, நூறாண்டை எட்டிக்கொண்டிருந்த அந்நிறுவனத்தின் இணையதளமே முடங்கியது. மார்ச் 6 அன்று, அந்தப் படத்தைத் தற்காலிகமாக நீக்கிவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 1987இல் ஆசிரியரைப் பிடிக்கப் போலீஸ் வர வேண்டியிருந்தது, ஊர் பார்த்தது. இப்போது யாரும் வர வேண்டியதில்லை. பக்கம் திறக்காது, அவ்வளவே.

டெல்லியிலும் இதே திசைதான். என்.டி.டி.வி. 2022 டிசம்பரில் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. அதற்கு ஒரு மாதம் முன்பே அதன் மூத்த செய்தியாளர் ரவீஷ் குமார் வெளியேறினார். எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் 2025இல் 180 நாடுகளில் இந்தியா 151ஆவது இடம். கடல் தாண்டி இலங்கையில், பெயரில் மட்டும் ஒன்றான இன்னொரு 'தினகரன்' உள்ளிட்ட லேக் ஹவுஸ் பத்திரிகைகளை 1973இல் அரசு எடுத்துக்கொண்டது. அதன் பிறகு எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

இதெல்லாம் சாதாரண மனிதருக்கு என்ன என்று கேட்கலாம். தாம்பரம் பகுதியில் 2015 டிசம்பர் 1 இரவை அனுபவித்தவர்கள் கேட்க மாட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்த இரவு அது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டின் முதல் மாடி வரை தண்ணீர். மின்சாரம் இல்லை, கேபிள் இல்லை. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச்சேர முடியாததால் மறுநாள் 'தி இந்து' சென்னைப் பதிப்பே அச்சாகவில்லை. அந்த நேரத்தில் யாருக்கும் ஒரு பக்கமும் தேவைப்படவில்லை. எவ்வளவு திறக்கிறார்கள், எத்தனை மணிக்கு நம் தெருவுக்கு வரும், குழந்தையையும் மாமியாரையும் எங்கே கொண்டுபோவது என்ற மூன்று விடைகள்தான் தேவைப்பட்டன. அந்த விடை வருவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு மாதக்கணக்கில் விவாத மேடைகள் நடந்தன. நூறாண்டில் காணாத மழை என்றது ஆளுங்கட்சி, அரசின் அலட்சியம் என்றது எதிர்க்கட்சி. மனிதத் தவறால் நேர்ந்த பேரழிவு என்று தணிக்கைத் துறையின் அறிக்கை சட்டமன்றத்துக்கு வர 2018 ஜூலை ஆனது. ஏரியின் நீர்மட்டக் கணக்கை நவம்பரிலேயே நாள்தோறும் கேட்டுத் துளைத்திருக்க வேண்டிய வேலை அது. இரண்டு பக்கச் செய்தியையும் கூட்டிக் கழித்துக் கிடைத்திருக்கக்கூடியது அல்ல.

கையில் மருந்து இல்லாமலும் இல்லை. அரசியல் கட்சிகளும் அரசுகளும் அவற்றின் நிறுவனங்களும் ஒளிபரப்பிலோ கேபிள் விநியோகத்திலோ இறங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008இல் சொன்னது. 2012இல் மறுபடி சொன்னது. 2014 ஆகஸ்ட் 12 அன்று, ஊடக உரிமை பற்றிய விரிவான பரிந்துரையில் மூன்றாம் முறையாகச் சொன்னது. பெருநிறுவனங்களின் பிடியைப் பற்றியும், காசுக்குச் செய்தி போடுவதைப் பற்றியும் அதில் எச்சரித்தது. அந்தக் காகிதம் டெல்லியில் இருக்கிறது. அதைச் சட்டமாக்க நாடாளுமன்றத்தில் கை தூக்க வேண்டும். மத்தியில் 1993க்குப் பிறகு அமைந்த ஆட்சிகளில் தமிழ்நாட்டின் பங்கு சிறியதல்ல. கூட்டணிக் கணக்கில் ஒவ்வொரு கட்சியும் டெல்லியிடம் கேட்டு வாங்கிய திட்டங்களின் பட்டியல் பெரியது. அந்தப் பட்டியலில் இந்தச் சட்டத்தை இதுவரை எந்தக் கட்சியும் சேர்க்கவில்லை. அடுத்த முறை நாவலூர்த் தெருக்களுக்கு ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளரிடம், குடிநீரையும் மழைநீர் வடிகாலையும் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேட்கலாம்: "உங்க கட்சிக்கு எத்தனை சேனல் இருக்கு, அதை விடுவீங்களா?"